ஒரு கூண்டில் ஒரே எலி

முப்பத்து மூன்று வயதில் ஓய்வு பெற்றவன் நான். சிரிக்காதீர்கள். பென்ஷன் கிடையாது, மாலை மரியாதை கிடையாது. நுரையீரல் மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டுதான் எனக்கு நடந்த பிரிவுபசாரம். எலியின் சிறுநீரில் இருக்கும் ஏதோ ஒரு புரதம் என் உடம்புக்கு ஆகாதாம். ஆராய்ச்சி எலிகளோடு பழகுகிறவர்களில் சிலருக்கு இப்படி வருவதுண்டு. வருஷக்கணக்கில் ஒன்றும் இருக்காது. திடீரென்று ஒரு நாள் கண் சிவக்கும், மூக்கு கொட்டும், நெஞ்சுக்குள் விசில் அடிக்கும். அத்தோடு அந்த அறைக் கதவு நமக்குச் சாத்தப்பட்டுவிடும். இப்போது ஜுரு என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில், கார்களுக்குப் போகிற ரப்பர் வளையங்களின் தரத்தைச் சோதிக்கிறேன். ரப்பர் வளையம் கடிக்காது, மூத்திரம் போகாது, சாப்பிட்டதா என்று வயிற்றைத் தடவிப் பார்க்க வேண்டியதில்லை. அதுதான் அந்த வேலையில் குறை.

பழைய ஆய்வுக்கூடத்தின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை இன்னும் யாரும் நீக்கவில்லை. போன மாதம் அதில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் கேட்டாள்: "அண்ணே, ஒரு கூண்டுல இருக்கிற எல்லாத்தையும் ஒண்ணா வச்சு ஒரு தட்டு தட்டினா காது கேக்குதா இல்லையானு பட்டுனு தெரிஞ்சிரும். ஏன் ஒவ்வொண்ணாப் பிரிச்சுத்தான் பாக்கணும்னு சுவத்துல எழுதி ஒட்டியிருக்கு? பாதி நாள் அதுக்கே போகுதுலா." நான் பதில் அடித்தேன், அழித்தேன், மறுபடியும் அடித்தேன். கைப்பேசியில் அடங்குகிற பதில் இல்லை அது. "பெரிசா எழுதுறேன், பொறு" என்றேன். எழுதிவிட்டேன்.

என் படிப்பை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். பட்டப்படிப்பில் உயிரியல், மேற்படிப்பில் கிருமியியல், நடுவில் இரண்டு முறை வேறு துறைக்கு ஓடப் பார்த்தது, இரண்டு முறையும் அம்மா மாதா கோவிலில் மெழுகுவத்தி ஏற்றித் திருப்பிக் கொண்டுவந்தது. எலியைப் பிடிக்கக் கற்றது ஒரு வாரம். எலிக்கு என்னைப் பிடிக்க அதைவிட நாளானது. அதற்கு அப்புறம்தான் ஜார்ஜ் டவுனில் வாசுகி அக்காவின் குழுவில் சேர்ந்தேன்.

டாக்டர் வாசுகி என்று எழுத வேண்டும். ஆனால் அவரை யாரும் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கால்நடை மருத்துவம் படித்தவர், பட்டர்வொர்த்காரர், தினமும் பெர்ரிப் படகில் கடல் தாண்டி வந்து போகிறவர். சேர்ந்த அன்றைக்கே சொல்லிவிட்டார்: "தம்பி, என் இடது பக்கம் நின்னு பேசாத, அந்தக் காது சுத்தமா அவுட். வலது பக்கம் மெஷின் போட்டிருக்கேன், அது அரை அவுட். திட்டணும்னா இடது பக்கமா வந்து தாராளமாத் திட்டிக்கோ."

சிறு வயதில் அவருக்கு மூளை உறையில் கிருமி புகுந்து காய்ச்சல் வந்திருக்கிறது. மெனிஞ்சைட்டிஸ். உயிர் பிழைத்தார், காது போனது. இந்த நோய் அப்படித்தான், பிழைத்த குழந்தைகளில் சிலருடைய காதைக் கூலியாக வாங்கிக்கொண்டு போகும். அவருடைய ஆராய்ச்சியும் அதைப் பற்றியதே. ஆன்டிபயாடிக் கிருமியைக் கொன்றுவிடுகிறது, அப்புறம் ஏன் காது போகிறது?

அக்கா இதற்குச் சொல்லும் விளக்கத்தை எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. "ஒரு துணிக்கடையில தீப்பிடிக்குதுனு வை. பொம்பா வண்டி வருது, தண்ணி அடிக்குது, தீ அணையுது. மறுநாள் போய்ப் பாத்தா எரிஞ்ச துணி கொஞ்சம். தண்ணியில ஊறி நாசமானதுதான் மிச்சம் பூரா." பொம்பா வண்டி என்றால் தீயணைப்பு வண்டி. இங்கே அது நம் நோய் எதிர்ப்புச் சக்தி. செத்துச் சிதறிய கிருமியின் துண்டுகளைப் பார்த்து அது இன்னும் வெறி கொள்கிறது. அந்த வீக்கமும் ரசாயனமும் காதின் உள்சுருளுக்கும் பரவுகின்றன. அதனால் ஆன்டிபயாடிக்கோடு சேர்த்து, எதிர்ப்புச் சக்தியின் கையைக் கொஞ்சம் பிடித்து நிறுத்துகிற மருந்தும் கொடுத்தால் என்ன? ஸ்டீராய்டு ஏற்கெனவே அந்த வேலையைச் செய்கிறது. ஆனால் எல்லாருக்கும், எல்லாக் கிருமிக்கும் உதவுவதில்லை. நாங்கள் வேறொரு மருந்தைச் சோதித்தோம். ரொம்பவும் அடக்கினால் கிருமி ஜெயிக்கும், அடக்காவிட்டால் காது போகும். அந்த நடுவழியைத் தேடித்தான் எலிக்குட்டிகளிடம் போனோம்.

செய்முறையைச் சொல்லாமல் விட்டால் வாட்ஸ்அப் பிள்ளைகள் என்னை விடமாட்டார்கள். முதலில் தாய் எலியை வேறு கூண்டுக்கு மாற்றி, நான்கு சூரியகாந்தி விதை போட வேண்டும். பிறகு அதன் கூட்டிலிருக்கும் மரத்தூளைக் கையுறையில் நன்றாகத் தேய்த்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் நம் வாசனை குட்டியில் ஒட்டும், திரும்பி வந்த குட்டியைத் தாய் ஒதுக்கிவிடும். குட்டிகள் வெதுவெதுப்பான மெத்தையில் வரிசையாகக் கிடக்கும். மயக்க மருந்து கொடுத்து, மண்டையோட்டுக்குக் கீழே பிடரியின் பள்ளத்தில், மயிரிழை போன்ற ஊசியால் கிருமியை ஏற்ற வேண்டும். அந்த ஊசியை அக்கா ஒருவர்தான் போடுவார். அப்போது அவர் மூச்சு விடுகிறாரா என்றே சந்தேகமாக இருக்கும்.

நோய் காணத் தொடங்கியதும் குட்டியை மல்லாக்கப் போட்டுப் பார்ப்போம். தானாகப் புரண்டு எழுந்தால் நல்லது. எழ முடியாமல் தவித்தால் மதிப்பெண் குறையும். ஒரு அளவுக்குக் கீழே போன குட்டியை வேதனையில் விட்டுவைக்கக்கூடாது, தூங்க வைத்துவிட வேண்டும். அந்த வேலையையும் அக்கா வேறு யாரிடமும் கொடுக்க மாட்டார்.

ஒவ்வொரு குட்டியைக் கையில் எடுக்கும்போதும் கட்டை விரலால் வயிற்றை மெல்லத் தடவி, "சாப்டாச்சா?" என்று கேட்பார். பால் குடித்த வயிறு திண்ணென்று இருக்கும். விலங்கறையைப் பார்த்துக்கொண்ட கக் நோருக்கு அது ஒரே சிரிப்பு. கக் என்றால் மலாயில் அக்கா. ஆக எனக்கு இரண்டு அக்காக்கள். "வீட்டுல புருஷனைக் கேக்குறாளோ இல்லையோ, எலியைக் கேட்டுருவா" என்று மலாயில் என்னிடம் சொல்வார். வாசுகி அக்காவுக்கு அது கேட்காது. ஆனால் என் தோள் குலுங்குவதைப் பார்த்துவிட்டு, "என்னைப் பத்தித்தானே? மொழிபெயர்த்துச் சொல்லு, நானும் சிரிக்கிறேன்" என்பார்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். அக்கா பாதிக்கு மேல் நம் வாயைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்கிறவர். விலங்கறையிலோ எல்லாருக்கும் மாஸ்க், தலைக்கு மேல் காற்றாடி இரைச்சல். அதனால் அங்கே எங்களுக்கு வேறு பாஷை. எஃகு மேஜையில் ஒரு தட்டு தட்டினால் 'இங்கே பாருங்கள்', இரண்டு தட்டினால் 'நிறுத்துங்கள்'. மேஜையில் ஊன்றியிருக்கும் அவர் கைக்கு அது போய்ச் சேரும். சேர்ந்த புதிதில் விசித்திரமாக இருந்தது. அப்புறம் என் அம்மாவையே வீட்டில் மேஜையைத் தட்டிக் கூப்பிட ஆரம்பித்துத் திட்டு வாங்கினேன்.

முதல் சுற்றுக்கு வருகிறேன். மருந்துக் குப்பிகள் நீல மூடி, சிவப்பு மூடி என்று வந்தன. எல்லாக் குட்டிக்கும் முதலில் ஆன்டிபயாடிக், அதன் பிறகு இந்தக் குப்பி. ஒன்றில் எங்கள் மருந்து. மற்றதில் வெறும் உப்புத் தண்ணீர். எது எது என்பது மருந்தகத்துக்காரர் ஒருவருக்கு மட்டும் தெரியும். நமக்குத் தெரிந்தால் நம் கண்ணே பொய் சொல்ல ஆரம்பித்துவிடும், அதற்காக இந்த ஏற்பாடு.

குட்டிகள் பிழைத்தன. தாயைவிட்டுப் பிரிந்து, முடி பளபளக்க, குண்டுகுண்டாக வளர்ந்தன. நீலத்துக்காரர்களை மேல்தட்டிலிருந்த கூண்டில் போட்டோம், சிவப்புக்காரர்களைக் கீழ்த்தட்டில். மின்கம்பி பொருத்திப் பார்க்கும் முறையான செவிச் சோதனைக்கு இன்னும் சில நாள் இருந்தது. எனக்குப் பொறுக்குமா?

"அக்கா, சும்மா ஒரு தட்டு தட்டிப் பாப்போமா?"

"எதுக்குடா அவசரம்?"

"உங்களுக்கு ஆசையே இல்லையா?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் ஆசை இருந்தது. எலிக்குக் காது கேட்டால், திடீர்ச் சத்தத்துக்கு மடல் சட்டென்று மடங்கி உடம்பு துள்ளும். எல்லா ஆய்வுக்கூடங்களிலும் செய்கிற எளிய சோதனைதான். கீழ்க்கூண்டின் முன்னால் கக் நோர் மரக்கட்டைகள் இரண்டை டப்பென்று தட்டினார். அங்குமிங்கும் படுத்திருந்த சிவப்புக்காரர்களில் சிலர் துள்ளினார்கள். மற்றவர்கள் மோட்டுவளையைப் பார்த்தபடி அப்படியே கிடந்தார்கள். பிறகு மேல்கூண்டு. டப். நீலத்துக்காரர்கள் அத்தனை பேரும் துள்ளினார்கள். மறுபடியும் டப். மறுபடியும் அத்தனை பேரும்.

நீலம்தான் எங்கள் மருந்து என்று முடிவே கட்டிவிட்டோம். கக் நோர் கட்டையைக் கீழே போட்டுவிட்டு அக்காவைக் கட்டிக்கொண்டார். அக்காவின் மாஸ்க் மூக்கோரத்தில் நனைந்திருந்தது.

"இன்னிக்கு நான் பெலாஞ்சா" என்றார் அக்கா. யாருக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவும் அவர் செலவு. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நாசி கண்டார் என்கிற சோற்றுக் கடைக்குப் போய், சோறு முங்குகிற அளவுக்குக் கறி ஊற்றச் சொல்லி உட்கார்ந்தோம். மருத்துவமனைக் குழுவிடம் அடுத்த வாரம் பேச வேண்டியிருந்தது, அடுத்த சுற்றுக்கு அனுமதி அவர்கள் கையில். நான் அங்கே என்ன படம் காட்டலாம், எந்த வரியில் தொடங்கலாம் என்று வாய் ஓயாமல் அளந்துகொண்டிருந்தேன். அக்கா மீன் முட்டையைப் பிட்டுக்கொண்டே, "எனக்கு அஞ்சு வயசு அப்போ. இந்த மருந்து மட்டும்..." என்று தொடங்கியவர், நிறுத்திவிட்டு, "சரி சரி, சாப்பிடு. ஆறுது" என்றார். அவர் தன் காதைப் பற்றிச் சிரிக்காமல் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

முறையான சோதனை நாள் வந்தது. எலியை மயக்கி, தோலுக்கடியில் நூல் போன்ற கம்பிகள் வைத்து, காதில் கிளிக் கிளிக் என்று ஒலி கொடுத்தால், மூளைத் தண்டு கேட்டதைத் திரையில் அலையாகக் காட்டும். கேட்காத காதுக்குத் திரையில் நேர்கோடு. முதல் நீலத்துக்காரருக்கு அழகான அலை. இரண்டாமவருக்கு நேர்கோடு.

"கம்பி சரியா மாட்டல" என்றேன். மாற்றினேன். நேர்கோடு. மூன்றாவது எலிக்கும் நேர்கோடு. "மெஷின் ரோசாக்" என்றேன். கெட்டுப்போய்விட்டது என்று அர்த்தம். சிவப்புக்காரர் ஒருவரை வைத்துப் பார்த்தோம், மெஷின் ஜோராக அலை காட்டியது. முடித்துக் கூட்டிப் பார்த்தபோது, காது போனவர்கள் இரண்டு கூண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு.

"கண்ணால பாத்தோமே அக்கா! எல்லாம் துள்ளிச்சே!"

எலிகள் மயக்கம் தெளிந்து கூண்டுக்குத் திரும்பியபின், மறுநாள் காலை, அக்கா மேல்கூண்டின் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். "தட்டு" என்றார். தட்டினேன். அத்தனையும் துள்ளின. "மறுபடியும்." தட்டினேன். "நீ அதுங்களைப் பாக்காத. அதுங்க எப்படிப் படுத்திருக்குனு பாரு."

பார்த்தேன். மேல்தட்டுக்கு நேராக ஏர்கான் காற்று அடித்தது. குளிருக்கு எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக, ஒரே பந்தாக அப்பிக்கொண்டு கிடந்தன. கீழ்த்தட்டில் காற்று படாது, சிவப்புக்காரர்கள் காலை நீட்டி ஆளுக்கொரு மூலையில் படுத்திருந்தார்கள்.

"இப்ப தட்டு. முதல்ல எது துள்ளுதுனு பாரு."

டப். பந்தின் நடுவிலிருந்து ஒன்று துள்ளியது. அதை ஒட்டிக் கிடந்தது அடுத்து. அதன் முதுகில் தலை வைத்திருந்தது அதற்கடுத்து. கண் சிமிட்டினால் தவறிவிடும். நேர்கோட்டுக்காரர்களைத் தூக்கி, தனித்தனிக் கூண்டில் விட்டுத் தட்டினோம். ஒன்றும் அசையவில்லை. ஒன்று நிம்மதியாக மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தது.

கேட்காதவை, கேட்டவற்றின் உடம்பைக் கேட்டிருக்கின்றன.

அக்கா சிரிக்க ஆரம்பித்தார். முதலில் சிரிப்புதான். "வேற யாரும் ஏமாறலாம் தம்பி. நான் ஏமாறலாமா?" பிறகு மாஸ்க்கைத் தாண்டிக் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "காய்ச்சல் வந்து போனதுக்கப்புறம் எனக்குக் காது போனது மூணாம் வகுப்பு வரைக்கும் எங்க வீட்டுக்கே தெரியாது. பள்ளிக்கூடத்துல நீள பெஞ்சு. டீச்சர் வந்தா புள்ளைங்க எழுந்திருப்பாங்க, பெஞ்சு அசையும், நானும் எழுந்துருவேன். வணக்கம் சொல்ல வாய் அசைஞ்சா நானும் அசைப்பேன். நல்லாப் படிக்கிற புள்ளனு பேரு. ஒரு நாள் இடம் மாத்தி ஒத்தை நாற்காலியில உக்கார வச்சாங்க. டீச்சர் மூணு தடவை பேரைக் கூப்பிட்டாங்களாம். நான் சன்னலைப் பாத்துக்கிட்டு இருந்தேன்."

கக் நோர் என்னைப் பார்த்தார். தமிழ் அவருக்கு அரைகுறைதான், ஆனால் இதை நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. எலிகளுக்குப் போடும் காகிதச் சுருளை எடுத்து அக்கா கையில் திணித்தார், அவர் அதில் மூக்கைச் சிந்திக்கொண்டார்.

மருந்தகத்துக்காரர் குறியை உடைத்து, எது எது என்று சொன்னார். நீலம்தான் எங்கள் மருந்து. ஊகம் மட்டும் சரி, பலன் இல்லை. மருத்துவமனைக் குழுவிடம் போகுமுன் நான் கடைசியாக ஒரு வக்கீல் வேலை பார்த்தேன். "நீலத்துல ரெண்டு எலிக்குக் கூடுதலாக் கேக்குது அக்கா. சாயல் தெரியுதுனு சொல்லலாமே. பொய் இல்லையே."

"ரெண்டு எலிய வச்சுக்கிட்டு ஒரு புள்ளையோட காதுக்கு நான் வாக்குக் குடுக்க முடியாதுடா."

அப்படியே போய்ச் சொன்னார். பலன் காணவில்லை, கட்டை தட்டிப் பார்த்த சோதனை எங்களை ஏமாற்றியது, ஏமாந்த விதம் இது என்று படம் போட்டுக் காட்டினார். கடைசியில் ஒரு கேள்வியையும் அவரே கேட்டார்: பொம்பா வண்டி தண்ணீர் அடித்து முடித்தபிறகு போய்க் குழாயைப் பிடித்தோமோ? மருந்தை ஆன்டிபயாடிக்குப் பிறகு கொடுத்தோம். அதற்கு முன்பே கொடுத்தால்? குழு ரொம்ப நேரம் தங்களுக்குள் பேசியது. அக்கா ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு சுற்றுக்கு அனுமதி கிடைத்தது. அன்றைக்குத்தான் சுவரில் அந்த அறிவிப்பு ஏறியது, எழுதியவன் நான்.

இரண்டாம் சுற்று தொடங்கிய கொஞ்ச நாளில் என் நெஞ்சு விசில் அடிக்க ஆரம்பித்தது. மறைத்துப் பார்த்தேன், இரண்டு மாஸ்க் போட்டுப் பார்த்தேன். கக் நோர்தான் காதில் கேட்டுவிட்டு அக்காவிடம் போய் மேஜையை இரண்டு தட்டு தட்டினார். அன்றோடு சரி. அந்தச் சுற்றின் மீதியை வெளியே கணினி முன்னால் உட்கார்ந்து, உள்ளிருந்து வருகிற அலைகளை வரிசைப்படுத்தியே ஓட்டினேன். வெளியே இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று எழுதினால் இந்தக் கட்டுரை நீளும், விட்டுவிடுகிறேன். இம்முறை மூடிகள் பச்சை, மஞ்சள். ஒவ்வொரு எலிக்கும் தனிக் கூண்டு, ஏர்கான் காற்று படாத ஒரே தட்டு. கட்டை தட்டுவது கிடையவே கிடையாது.

குறியை உடைக்கும் நாளில் நாங்கள் மூவரும் அக்காவின் சின்ன அறையில், ஒரே நீள இருக்கையில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தோம். கண்ணாடிக் கதவு, ஒரு மேஜை நாற்காலி, கணினித் திரை, அவ்வளவுதான் அறை. மருந்தகத்துக்காரரின் செய்தி வந்தது. நான் இரண்டு வரிசைகளையும் சேர்த்துப் போட்டேன். என் கண் எப்போதும் கைக்கு முன்னால் ஓடுகிற கண். பார்த்துவிட்டேன். மருந்து பச்சை. பச்சையில் அலைகள் அலைகளாக நின்றன. மஞ்சளில் பாதிக்கு நேர்கோடு. இருக்கையில் என் உடம்பு ஒரு துள்ளு துள்ளியது, கக் நோர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

அக்கா சட்டென்று உள்ளங்கையால் திரையை மறைத்தார். அவர் இன்னும் பார்த்திருக்கவில்லை.

"எழுந்திரு" என்றார்.

"அக்கா, பாருங்க அக்கா..."

"பேசாத. ரெண்டு பேரும் வெளியே போங்க. நீ குதிச்சா நானும் குதிச்சிருவேன். நான் தனியாப் பாக்கணும்."

கதவைச் சாத்திக்கொண்டு வந்து கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றோம். எலிக்கு நல்லதெல்லாம் பிள்ளைக்கு நல்லதாகிவிடாது, இன்னும் எத்தனையோ சுற்று பாக்கி, அதெல்லாம் எனக்கும் தெரியும். அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு, வலது காதிலிருந்த மெஷினைக் கழற்றி மேஜையில் வைத்தார். முதல் அலையில் ஆரம்பித்தார். விரலை வைத்து, ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல். மஞ்சளை முடித்தார், பச்சைக்கு வந்தார், திரும்ப மஞ்சளுக்குப் போனார். ஒரு தடவைகூட எங்கள் பக்கம் திரும்பவில்லை. கக் நோர் என் கையை விடவில்லை. நாங்கள் இருவரும் சிலைபோல, மூச்சுக்கூடக் கண்ணாடியில் படாமல், அசையாமல் நின்றோம்.

உள்ளே, நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு, அக்கா துள்ளிக் குதித்தார்.